மூடியறுத்த பெட்டிகளுக்கு மறுமொழி ஓலை

மழை பிழையாத மலைகளை உடைய வெண்கோட்டு நாட்டின் காவலர், யானை கண்டு ஒதுங்கும் தோளர், எளியோர் முறையீட்டுக்கு இரங்கும் செவியர், மன்னர் வெற்பரையர் திருமுன், காந்தள் நாட்டு வேந்தர் கோக்கொற்றனார் ஆணையால் ஓலைநாயகம் பொறையன் சாத்தன் வணங்கி வரைவது. தங்கள் குடைநிழல் குளிர்க. தங்கள் அரண்மனையில் தேடிய பொருள் தேடிய இடத்திலேயே கிடைக்க.

தங்கள் ஓலை கண்டோம். தங்கள் தங்கையும் எங்கள் அரசியுமாயிருந்து மறைந்த கயற்கண்ணியார் மணம் முடித்து வந்தபோது கொண்டுவந்த பெட்டிகளை, இரு நாட்டு வழக்கப்படி அவர் மறைந்து ஆண்டு திரும்பியதும் பிறந்த வீட்டுக்கே அனுப்பினோம். ஒவ்வொரு மூடியிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாய் ஓர் ஓட்டை இருக்கக் கண்டு தாங்கள் சினந்ததும், காந்தள் நாட்டு எலிகள் அளவுகோல் வைத்துத்தான் கடிக்குமோ என்று வினவியதும் முறையே. எலிகள் குற்றமற்றவை. அறுத்தவர் வேந்தர். தச்சரை அழைக்காமல் தாமே அறுத்தார். கோணலுக்கு அதுவே காரணம்.

பகைவர் கோட்டைக்குக் காரிருளிலும் வழி கண்டுபிடிப்பவர் எங்கள் வேந்தர். தம் மேலாடையை நண்பகலிலும் கண்டுபிடிக்க மாட்டார். படை வாசலில் காத்திருக்க, ஒற்றைச் செருப்போடு அரண்மனை முழுதும் சுற்றிய நாள்கள் உண்டு. கேட்டுக் கேட்டே அரசியாரைத் துளைத்துவிட்டார். சலித்துப்போன அரசியார் வீட்டுப் பொருள் அனைத்தையும் தம் பெட்டிகளில் அடுக்கி, மூடிகள்தோறும் ஒரு சதுரத்துக்குள் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சிறுசிறு கட்டங்கள் தீட்டினார். நமக்கு எல்லாச் சதுரமும் ஒன்றுபோலத்தான் தோன்றும். அவர் வளர்த்த அஞ்சுகம் என்னும் கிளிக்கு மட்டும் ஒவ்வொன்றும் வேறு. கிளியைத் தோளில் ஏற்றிப் பெட்டிமுன் நின்றால், உள்ளே இருப்பது இன்னதென்று அது சொல்லும். சொல்வதும் அரசியார் குரலில், அவர் பழக்கிய சொற்களில். அவரைத் தவிர வேறெவரும் அதன்முன் வாய் திறக்கலாகாது என்று கட்டளையும் இருந்தது.

கிளி சொல்பவற்றுள் சிலவற்றை, அவை முறைக்கு ஒவ்வாவிடினும், கேட்டபடியே இங்குப் பொறிக்கிறோம்.

"போர்க்கவசம் அடியில கெடக்கு. மேல வடாம் இருக்கு. நொறுக்கினீங்க, எதிரிகிட்ட போக வேண்டியதில்ல, நானே பாத்துக்கறேன்."

"கம்பளி. நல்லது விருந்தாளிக்கு. எலி கடிச்சது உங்களுக்கு."

"எங்கண்ணன் குடுத்த பட்டு. கை வச்சீங்க, கை இருக்காது."

"முத்திரை மோதிரம் இங்கதான் இருக்கு, எங்கயும் போகல. நீங்கதான் சரியாப் பாக்கல, ராசா."

கட்டத்தில் தூசி படிந்திருந்தால் மட்டும், "ஒண்ணும் தெரியல, தொடச்சுட்டு வெளிச்சத்துல காட்டுங்க" என்று அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அரசியார் மறைந்தபின் வேந்தர் நாள்தோறும் கம்பளி தேடலானார். கோடையிலும் தேடினார். கட்டங்களைக் கண்டாலன்றி அந்தக் குரல் வாராது. பெட்டிகளோ தங்களுக்கு உரியவை. அதனால்தான் உள்ளிருந்தவற்றைக் கூடத்தில் கொட்டிவிட்டு, கட்டங்களை அறுத்துத் தம் பள்ளியறைச் சுவரில் பதித்துக்கொண்டு, பெட்டிகளை மட்டும் அனுப்பினார். கம்பளி கூடத்தில் கிடக்க, கம்பளி எங்கே என்று சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டதோடு நிற்காமல் மறுமொழியும் சொல்லலானார். "சரிம்மா" என்பார், "எடுத்துட்டேன் கண்ணு" என்பார். சில மாலைகளில் கிளி வாய் திறக்குமுன் தாமே தொடங்கி, அதனோடு சேர்ந்து சொல்வார். கட்டளையை நினைவூட்டும் துணிவு ஒருவருக்கும் இல்லை. இந்த ஓலைநாயகத்துக்கும் இல்லை.

சென்ற திங்களில் ஒரு காலை, கம்பளியின் கட்டத்தைக் காட்டினார். கிளி முதலில் தொண்டையைச் செருமியது. பின் கனத்த குரலில், "எலி கடிச்சது உங்களுக்கு" என்றது. அருகிருந்த காவலர் சிரித்துவிட்டார். வேந்தரும் சிரித்தார். சிரிப்பு முடியுமுன்பே அது தம் குரல் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அன்று முதல் வாயில் துணி கட்டிக்கொண்டு கிளிமுன் அமர்ந்தார். காந்தள் நாட்டு வரலாற்றில் வாய்கட்டி அமர்ந்த வேந்தர் இவரே முதல்வர். இரண்டு கட்டங்கள்வரை தாங்கினார். தங்கள் பட்டின் கட்டம் வந்தபோது, துணிக்குள்ளிருந்து "ம்" என்றார். மறுநாள் கிளி பட்டைச் சொல்லிவிட்டு, தானே "ம்" என்றும் சேர்த்துக்கொண்டது.

தாம் அருகில் இருக்கும்வரை அந்தக் குரல் கொஞ்சங்கொஞ்சமாய்த் தம்முடையதாகிவிடும் என்றும், மறுமொழி சொல்லாமல் இருக்கத் தம்மால் ஆகவில்லை என்றும் வேந்தர் அவையில் மொழிந்தார்.

ஆகையால் அறுத்த சதுரங்கள் அனைத்தும் பஞ்சில் பொதிந்து இன்று விடியலில் புறப்பட்டுவிட்டன. தங்கள் தச்சர் பெட்டிகளில் பொருத்திக்கொள்க. உடன் அஞ்சுகமும் வருகிறது. மோதிரம், வடாம், கடைசி "ம்" நீங்கலாகப் பட்டு ஆகியவற்றின் கட்டங்களை அது இன்னும் அரசியார் குரலிலேயே சொல்கிறது. ஏனையவற்றுக்கு உறுதி கூற இயலவில்லை. தங்கள் மாளிகையில் எவரும், தாங்களே ஆயினும், அதன்முன் பேசாதிருக்க வேண்டுமென்பது வேந்தரின் ஆணையன்று, வேண்டுகோள். அழ நேர்ந்தால் வெளியே சென்று அழுதல் நலம். அதையும் அது கற்றுக்கொள்ளும்.

இவ்வோலை குதிரையில் முந்தி வருகிறது. இதன் அடியில் வேந்தரின் முத்திரை இல்லாமைக்கு ஐயுற வேண்டா. காலை முதல் மோதிரம் அகப்படவில்லை. வேந்தர் கூடத்துக் குவியலில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டே இதை எழுதச் சொல்கிறார். கிளி வந்து சேர்ந்ததும் மோதிரத்தின் கட்டத்தை வெளிச்சத்தில் காட்டுமாறு வேண்டுகிறார். அது என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். யார் குரலில் சொன்னது என்று மட்டும் எழுதி அனுப்பச் சொல்கிறார்.

வேந்தர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதி, தன் சிறுமுத்திரை இட்டு, ஓலைநாயகம் பொறையன் சாத்தன் கட்டிய ஓலை. இரு நாடும் வாழ்க. மறுமொழி விரைக.