செத்துட்டு என்று கத்திய பிறகு

அன்புள்ள ரெபேக்காவுக்கு மிக்கேல்ராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் தம்பி ஏஞ்சலோவும் தாராவியில் சுகம். உனக்குக் கால்வீக்கம் வற்றியதா? பிள்ளைக்குச் சளி விட்டதா?

போன வாரம் மாட்டுங்காவில் ஒரு லிஃப்டைப் பழுதுபார்க்கப் போனோம். மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் "செத்துட்டு!" என்று கத்தினேன். லைனில் கரண்ட் இல்லை என்பதற்கு எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். அதைக் கேட்ட பிறகுதான் எங்களில் யாராக இருந்தாலும் வயரில் கை வைப்பது.

ஏஞ்சலோ கையை நீட்டினான். அந்நேரம் பிரேக் நழுவி, ஆளில்லாத லிஃப்ட் தானாக மேலே ஏறத் தொடங்கியது. மோட்டார் வயரில் மாட்டியிருந்த சோதனை பல்பு மெல்லச் சிவந்து எரிந்தது.

"கைய எடுல மாப்ள!"

"செத்துட்டுன்னு சொன்னிய அத்தான்! அப்போ இத யாரு ஏத்துதா?"

லிஃப்ட் நின்றதும் பல்பு அணைந்தது.

பயப்படாதே, பேயெல்லாம் இல்லை. அந்த மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. கரண்ட் கொடுத்தால் அது சுழலும். வேறு எதுவாவது அதைச் சுழற்றினால், காந்தம் கம்பிச்சுருளைக் கடந்து போகும்போது கரண்ட் பிறக்கும். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடை காலி லிஃப்டைவிடக் கனம்; அது லிஃப்டை மேலே இழுத்ததில் மோட்டார் சுழன்றுவிட்டது. அவ்வளவுதான்.

கொஞ்சம் கருவாடும் மிளகாய்ப்பொடியும் அனுப்பு. லோக்கல் டிரெயினுக்கு நேரமாகிறது. ஏஞ்சலோவுக்குப் போன் போட்டு எதற்காவது திட்டு, உன்னிடமாவது வாய் திறக்கட்டும். அன்றிலிருந்து, சுவிட்சை அணைத்தாலும் ஃபேன் சுற்றி நிற்கும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னோடு பேசுவதில்லை. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

உன்
மிக்கேல்ராஜ்