சுவருக்கு முன்னால் இருந்த மணல்

இன்று காலை வீட்டுக்கு முன்னால் லாரி லாரியாகக் கல் கொட்டினார்கள். கருங்கல்லோடு கருங்கல் மோதும்போது தீக்குச்சி உரசியதுபோல ஒரு கருகல் வாசனை எழுமே, அது என் காப்பி வாசனையையும் தாண்டி மூக்கில் ஏறியது. குளிர்காலத்து அலைகள் கடல்சுவரின் அடியைத் தோண்டிவிட்டன. அதை நிரப்பத்தான் இந்தக் கற்கள். நான் கோப்பையும் கையுமாகச் சும்மா நின்றேன். நீ இருந்தால் நின்றிருக்க மாட்டாய். கிரேன் ஓட்டுகிறவரிடம் திட்டு வாங்கிக்கொண்டாவது குவியல்மேல் ஏறியிருப்பாய்.

சின்னச் சுத்தியல் ஒன்று வைத்திருந்தாய். ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காதைக் கொடுப்பாய். முழுக்கல் கணீரென்னும். உள்ளே விரிசல் விட்டது தொப்பென்னும். அதன்மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவாய். எடிசன் என்ற ஊரில் உள்ள இந்தியக் கடைக்குப் போனாலும் உனக்கு இதே முகம்தான். கூடையில் இருக்கும் தேங்காய் அத்தனையையும் தட்டிவிட்டு ஒன்றே ஒன்றை எடுப்பாய். நீ ஒதுக்கிய காய்களைப் பின்னால் நிற்கும் ஆன்ட்டிகள் தொடவே மாட்டார்கள். கடைக்காரர் முறைப்பார், எனக்கு மானம் போகும்.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் நம்மைப் போட்டபோது நான் திருச்சிக்காரன், கடலைச் சுற்றுலாவில் மட்டும் பார்த்தவன். நீ காயல்பட்டினம். கட்டடவியல் படித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓடிய கூட்டத்தில் நானும் ஓடினேன். நீ மட்டும் அலை, மணல், தடுப்புச் சுவர் என்று கடலோரமே நின்றுவிட்டாய். கடைசியில் இருவரும் நியூ ஜெர்சிக்கே வந்து சேர்ந்தோம். கடற்கரை ஊர்களுக்குச் சுவர் கட்டிக்கொடுப்பது உன் வேலை, அதைத் திட்டுவது உன் பொழுதுபோக்கு.

இந்த வீட்டை நாங்கள் வாங்கிய கதையை நீ போகிற விருந்தில் எல்லாம் சொல்லிச் சிரித்தாய். சொல்லிவிட்டுப் போ, உண்மைதானே. தெருவுக்கு உள்ளே தள்ளி, மேடான இடத்தில் இரண்டு வீடுகள் விலைக்கு இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, கடலுக்கு நேர் எதிரே இருந்த இதை எடுத்தோம். காரணம், இதற்குத்தான் கிழக்குப் பார்த்த வாசல்.

"வாஸ்து பாத்தவரு, கடலும் கிழக்கதான் இருக்குன்னு சொல்லலையா மாப்ள?" என்று பால் காய்ச்சிய அன்றே கேட்டாய். என் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. நீ இரண்டாவது தடவை பாயசம் கேட்டதும்தான் அவள் சமாதானமானாள்.

அப்போது வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே நல்ல அகலமான மணல் இருந்தது. மணல்மேட்டில் புல் வளர்ந்திருந்தது. ஒவ்வொரு புயலும் அதில் ஒரு வாய் கடித்துக்கொண்டு போயிற்று. மேடு முழுக்கக் கரைந்தபிறகு, எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சுவர் எழுப்பலாம் என்று பேச ஆரம்பித்தோம். நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்தாய், மணலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாய், எங்கள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாய். உன் வழக்கப்படி, கிடைக்கப்போவதைச் சொல்வதற்கு முன்னால் போகப்போவதைச் சொன்னாய்.

"சொவரு கட்டுனா இந்த மண்ணு போயிரும். அலை வந்து மோதித் திரும்பும்லா, அப்பம் காலடி மண்ணையும் இழுத்துட்டுப் போயிரும். வீடு நிக்கும். பீச் இருக்காது. ரெண்டையும் என்னால தர முடியாது."

"வேற வழியே இல்லையாண்ணா?" என்றாள் என் மனைவி.

"இருக்கு. வீட்டத் தூக்கிப் பின்னால நகத்தலாம். இங்க நெறையப் பேரு செய்றாங்க."

பின்பக்க மனையை அளந்து பார்த்தோம். குறுகல். வீட்டைத் திருப்பித்தான் வைக்க முடியும்.

"அப்படி ஷிஃப்ட் பண்ணா வாசல் சவுத் ஃபேசிங் ஆயிடுமே! வேணாம்ணா, நீங்க சுவரே கட்டிடுங்க."

நீ என்னைப் பார்த்தாய். நான் தண்ணீர் ஜாடியைப் பார்த்தேன். சுவர் என்று முடிவாயிற்று. முடிவானபிறகு ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல், உன் சொந்த வீட்டுக்குக் கட்டுவதுபோல நின்று கட்டிக்கொடுத்தாய்.

சுவர் நின்றது. மணல் போயிற்று. நீ சொன்னபடிதான் நடந்தது, அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இப்போது கடல் ஏறும்போது அலை நேராகக் கல்லில் அறைகிறது, ஜன்னல் கண்ணாடியில் உப்புப் படிகிறது. கடற்கரைக்குப் போகவேண்டுமானால் நாங்களும் காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறோம். அங்கே பார்க்கிங் கிடைப்பதில்லை.

சுவர் கட்டிய அடுத்த ஆண்டு உன் தொண்டையில் கட்டி வந்தது. மருத்துவரைப் பார்க்க நானும் கூட வந்தேன். குரல்வளையை முழுக்க எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, எடுக்காவிட்டால் கொஞ்ச காலம்தான் என்றார் அவர். எடுத்தால் என்ன போகும் என்றுதான் நீ முதலில் கேட்டாய். உங்கள் குரல் என்றார். கருவி வைத்துப் பேசலாம், ஆனால் அது வேறு குரலாக இருக்கும் என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் உன்னிடம் கத்தினேன். உயிரைவிடக் குரல் பெரிதா, ஊருக்கெல்லாம் சுவர் கட்டுகிறவனுக்குத் தனக்கு ஒன்று கட்டிக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டேன். நீ சாவியைத் தேடிக்கொண்டே பதில் சொன்னாய்.

"உம்மாவுக்குக் கண்ணு போயி எத்தன வருஷமாச்சு? அவளுக்கு நான்னா சத்தம் மட்டுந்தான் மாப்ள. மெஷினு பேசுனா யாரோன்னு நெனச்சு போன வச்சிருவா."

தினமும் வேலைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது காயல்பட்டினத்தில் இருக்கும் உம்மாவுக்குப் போன் போட்டு, என்ன கறி, யார் வீட்டில் கல்யாணம் என்று அரட்டை அடிப்பாய். எத்தனையோ நாள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆகவே என்னால் மேலே வாதாட முடியவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

குரல்வளையை எடுக்காமல் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தார்கள். குரல் கரகரத்தது, மெலிந்தது, ஆனால் உன்னுடையதாகவே இருந்தது. ஏன் சத்தம் கம்மியா இருக்கு என்று உம்மா கேட்டதற்குக் கடல்காற்று என்று சொன்னாய். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்துகொண்டு அதைச் சொன்னபோது நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீ போனபிறகு உம்மாவுக்கு நானே பேசினேன். அழுது முடித்துவிட்டு, "கடசி வரைக்கும் எங்கிட்டப் பேசிட்டுத்தான் போனான். அது போதும் வாப்பா" என்றார். உன்னைக் கூப்பிடும் அதே வாப்பா.

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எதை முடிவு செய்தாலும், இதில் என்ன போகும் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். வீட்டில் இதற்காகவே என்னை யாரும் யோசனை கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை உன் முடிவுக்கு முன்னால் வைக்கும்போதெல்லாம் நாம் இருவரும் வேறு வேறு பதிலுக்கு வருகிறோம். நீ செய்தது நியாயம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். மனம் ஒப்பவில்லை.

நீ அந்தக் குரலைக் கொடுத்துவிட்டு இருந்திருக்கலாம். சனிக்கிழமைகளில் வந்து என் எதிரே சும்மா உட்கார்ந்திருக்கலாம். உன்னிடமிருந்து ஒரு சத்தமும் வராவிட்டால் என்ன, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசியிருப்பேன்.

இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.