முன் சக்கரத்துக்கு ஒரு ஜோடி டயர்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண் கட்டுப் பிரித்தாயிற்று. பார்வை தெளிந்ததும் அவள் முதலில் கண்டுபிடித்தது என் சட்டைக் காலரில் இருந்த அழுக்கைத்தான். பின்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, ஆள் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஏன் கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் நீ நடுவில் ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவேன். மூன்று வருடமாக அப்படித்தான் நடக்கிறது. உன் அண்ணன் இறந்ததைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள்.

போன மாதம் குத்தகைக்காரர் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி யாரிடமும் விடப்போவதில்லை, தானே உழப்போவதாக உன் அண்ணி சொல்லிவிட்டாள். அவளுக்கு டிராக்டர் ஓட்டப் பிறந்த வீட்டிலேயே பழக்கம். கொட்டகையில் நின்ற வண்டியை மெக்கானிக் வந்து பார்த்தார். இருபத்தாறு வருடத்து வண்டி, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது, முன் டயரை மட்டும் மாற்றுங்கள் என்றார். அண்ணி என்னிடம் வந்து, "மாமா, டயரை நீங்களே பாத்து வாங்கிருங்க. நீங்க பாத்தா தப்பு வராது" என்றாள். அதைக் கேட்டதும் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன், அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

அந்தக் கொட்டகைக்குள் நான் அதிகம் போவதில்லை என்று உனக்குத் தெரியும். அவனோடு வாய்க்காலில் கவிழ்ந்த வண்டியைத் தூக்கிவந்து நிறுத்தியபோது முன் சக்கரங்கள் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இத்தனை நாளும் இருந்தன. இரண்டும் இடப்பக்கம் முழுக்கத் திரும்பி இருந்தன. வாய்க்கால் வலப்பக்கம். அவன் திருப்பியிருக்கிறான், வண்டிதான் திரும்பவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போதும், கடைக்குப் போகும்போதும், யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போதும் அந்தச் சக்கரம் திரும்பி நிற்பது எனக்குத் தெரியும். தெருவில் மழை ஈரத்தில் எந்த டிராக்டர் போனாலும் குனிந்து தடத்தைப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன்.

அண்ணனுக்கு அப்படி ஆவதற்கு இரண்டு மாதம் முன்னால் இடது முன் டயர் வெடித்தது. இரண்டையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று அவன் சொன்னான். நான்தான் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் வலது டயரின் வரிகளில் மிச்சமிருந்த ஆழத்தை எட்டு இடத்தில் அளந்தேன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன், அளந்து சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. இன்னும் ஒரு போகம் தாங்கும் என்றேன். ஒன்றுதான் வாங்கினோம். இடது பக்கம் புதிது, வலது பக்கம் வரி தேய்ந்தது. அதன் பிறகு வண்டி வலப்பக்கமே இழுத்தது. அவன் கோபப்படவில்லை, "இந்த வண்டிக்கு அப்படியே எங்கப்பா குணம், எப்பப் பாரு ஓரமாத்தான் போவேன்னு நிக்குது" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். நானும் சிரித்தேன்.

டயர் தேடுவதை என் வழக்கப்படி தாள் போட்டு எழுதித்தான் ஆரம்பித்தேன். மூன்று கடை ஏறினேன். ரப்பர் ஒட்டிப் புதுப்பித்தது மலிவு, ஆனால் திருப்பும் சக்கரத்துக்கு அதை நம்பக்கூடாது என்று இரண்டு கடையில் சொன்னார்கள். ஒருமுறை ஓட்டிய பழைய டயர் பார்க்கப் பளபளவென்று இருந்தது, பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்க எண்ணைப் படித்தேன், தயாராகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. விரலால் வளைத்தால் முடி போல வெடிப்பு. கடைசியில் பேர் அதிகம் கேள்விப்படாத கம்பெனி, மூன்று வரி, எட்டு அடுக்கு, இரண்டும் ஒரே வாரத்தில் தயாரானவை, நம் கைக்கு எட்டும் விலை. தாளைப் பத்து முறை சரிபார்த்துவிட்டு அண்ணியையும் அழைத்துக்கொண்டு, கழற்றிய சக்கரங்களை வேனில் ஏற்றிப் போனோம்.

டயர்க்காரர் வாயாடி மனிதர். சக்கரங்களை உருட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த இடது பக்கம் புதுசு மாதிரி கிடக்கே, ரப்பர் முடிகூட உதிரலை. இன்னொண்ணு மட்டும் வாங்குங்க, பாதிச் செலவு மிச்சம்" என்றார். நான் ஜோடியாகத்தான் வேண்டும் என்றேன். அவர் மற்றதைத் தடவிப் பார்த்தார். "இது மொட்டைத் தலை. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் மொட்டை, யாருங்க இந்த மாதிரி மாட்டினது? ஈரத்துல திருப்பினா பிடிக்கவே பிடிக்காதே" என்றார். நான்தான் என்றேன். மூன்று வருடத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அப்போதுதான். அவர் பாட்டுக்குக் காற்றுக் குழாயைச் செருகிக்கொண்டே, "நல்லவேளைங்க, ஒண்ணும் ஆகாம தப்பிச்சீங்க" என்றார். அண்ணி என்னைப் பார்க்காமல் அந்தத் தேய்ந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு மீதியையும் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். அண்ணன் கவிழ்ந்த அன்று காலை வாய்க்கால் கரைக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். சேற்றில் தடம் தெளிவாக இருந்தது. தடம் படிப்பவனுக்கு அதில் எல்லாம் எழுதியிருந்தது. மெதுவாக வந்திருக்கிறான், பத்தடிக்கு மேல் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்திருக்கிறான், இடது டயர் மண்ணை அறுத்திருக்கிறது, வலது டயர் வழவழவென்று வழுக்கியிருக்கிறது. நான் அதன்மேல் நடந்தேன். தெரியாமல் இல்லை, தடம் கலையட்டும் என்றுதான், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, இரண்டு முறை. நிலைகுலைந்து போயிருக்கிறேன் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிறகு விசாரிக்க வந்தவரிடம், வேகமாக வந்திருப்பான் என்று சொன்னேன். அதையே ஊரும் சொன்னது, நீயும் நம்பினாய்.

அண்ணி அழவில்லை, கத்தவில்லை. "மூணு வருஷமா தினமும் அவரத் திட்டிக்கிட்டு இருந்தேன் மாமா, ஏன் அவ்வளவு வேகமாப் போனீங்கன்னு" என்றாள். எழுந்து போய்விட்டாள். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் சாப்பாடு வந்தது, அவள் வரவில்லை. அவள் செய்தது சரிதான்.

ஐந்தாம் நாள் மெக்கானிக் சக்கரங்களை மாட்டிவிட்டுப் போனார். அண்ணி மேலே ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக நிறுத்தினாள். பிறகு காற்று அளக்கும் கருவியை என்னிடம் நீட்டி, "பாத்துச் சொல்லுங்க" என்றாள். மாமா என்று சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து வலது சக்கரத்தை அளந்தேன், இடதை அளந்தேன், மறுபடி வலது. எண் ஒன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் நான்காம் முறை அளக்கக் குனிந்தபோது, "எவ்வளவு நேரம்தான் அளப்பீங்க, சொல்லுங்க" என்றாள். சொன்னேன். வண்டியை எடுத்தாள். அவள் திரும்பி வரும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கரையில் போய்ப் பார்த்தேன், தடம் இரண்டும் ஒரே ஆழம். அதனால் மனம் லேசாகிவிட்டது என்று உனக்கு எழுத மாட்டேன், ஆகவில்லை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்வேன். முதலில் போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான். நீ என்ன நினைத்தாலும் எழுது, எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும். அண்ணியோடு ஒருமுறை பேசு, என்னைப் பற்றி அல்ல, அவனைப் பற்றி.

நீ எல்லா நலமும் பெற்று இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பேரனுக்குச் சைக்கிள் பழக்கும்போது, மாமா மாதிரி வேகமாகப் போகாதே என்று நீ சொல்வது போன வாரம் தொலைபேசியில் என் காதில் விழுந்தது. இனி அப்படிச் சொல்லாதே அம்மா. அவன் மாமா மெதுவாகத்தான் வந்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா