மணிராஜ் சூடம் அணைக்கவில்லை

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அமாவாசைக்கு அமாவாசை வந்து போகிறது. நீயும் புனேயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க நம் இசக்கியம்மன் துணையிருக்கட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் வேலை விஷயத்தை எடுத்ததும் மீட்டிங் இருக்கிறது அப்பா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. தவிரவும் இதில் எழுதப்போகிற விஷயத்தை உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வேலை விஷயமாக நீ முதலில் பேசியபோது, மும்பையில் ஒரு வங்கியில் மோசடிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவுக்குக் கூப்பிடுகிறார்கள், மதுரையில் ஜெயிலிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களுக்கு வேலையும் தங்க இடமும் தேடிக்கொடுக்கிற தொண்டு நிறுவனத்திலும் கூப்பிடுகிறார்கள், எனக்கு மதுரைதான் பிடித்திருக்கிறது, ஆனால் நீங்கள் முழுமனதாகச் சரி என்றால்தான் சேருவேன், முப்பதாம் தேதிக்குள் சொல்லுங்கள் என்றாய். கைதிகளுக்குத் தரகு வேலை பார்க்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று நான் கத்தினேன். நான் மட்டுமா, குற்றவியல் என்று நீ சேர்ந்த நாளிலிருந்தே இந்த ஊருக்கு உன் படிப்பு பிடிபடவில்லை. உன் செல்வமணி மாமா நீ நேராக இன்ஸ்பெக்டராக வந்து இறங்குவாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், ஹெல்மெட் போடாமல் பிடிபட்ட நாலு பேர் அந்த நம்பிக்கையில் நம் வீட்டுக்கு வந்து போனார்கள். இப்போது நீ பார்க்கிற வேலையையும் அவருக்கு விளக்கினேன், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கொடுத்த விவரம் உண்மையா, முன்பு வழக்கு ஏதும் உண்டா என்று விசாரிக்கிற கம்பெனி என்றேன். அதுக்கு எதுக்குவே புனே வரைக்கும் போவணும், நம்ம பக்கம் பொண்ணு பாக்க வாரவன் சும்மாவே செய்யுதானே என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொடைத் திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால் கோவில் சாமான் அறையைத் திறந்தபோது ஐந்து முகக் குத்துவிளக்கைக் காணோம் என்று உனக்கே தெரியும். சாவி என்னிடம்தான், கமிட்டித் தலைவன் என்கிற பெருமையில் அதை அரைஞாணில் கட்டாத குறையாக வைத்திருந்தேன். சித்திரையில் அந்த அறைக்கு வெள்ளையடித்தது மேலத்தெரு மணிராஜ். வரப்புத் தகராறில் ஒருத்தனை வெட்டிவிட்டு ஏழு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன், வந்த நாளிலிருந்து வாழைத்தார் சுமந்து பிழைக்கிறவன். அவன் பெயரை யார் முதலில் சொன்னார்கள் என்று கேட்டால் இன்றைக்கு எல்லோரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். நம் வழக்கப்படி அவனைக் கோவிலுக்குக் கூப்பிட்டோம், அம்மன் முன்னால் சூடம் ஏற்றிக் கையால் அணைத்து நான் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணிவிடு, பேச்சு முடிந்தது என்றேன். நான் ரொம்பப் பெருந்தன்மையாக நடந்துகொள்வதாகத்தான் எனக்கு நினைப்பு.

அவன் சூடத்தைத் தொடவில்லை. செய்யாததுக்கு எதுக்கு சித்தப்பா சத்தியம் பண்ணணும், இன்னைக்கி விளக்குக்கு அணைச்சா நாளைக்கி ஒரு ஆடு காணாமப் போனாலும் என்னத்தான கூப்பிடுவிய என்றான். கூட்டம் அதைக் கேட்டதும் திருடன்தான் என்று முடிவு கட்டிவிட்டது, எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது, இனிமேல் கோவில் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டேன். தலைவர் சொன்னார் என்று தார் வெட்டுகிறவர்களும் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவன் தினமும் முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தான். கொடை சிறப்பாக நடந்தது, இரவல் விளக்குதான், யாருக்கும் குறை தெரியவில்லை.

கொடை முடிந்து நீ பேசியபோது இதைப் பெருமையாகச் சொல்லி, குற்றம் படித்தவளாயிற்றே, அவனை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது என்று கேட்டேன். நீ மணிராஜைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விளக்க நீங்க கடைசியா எப்பம்ப்பா பாத்திய என்று கேட்டாய். திருடனைக் கேட்டால் விளக்கைக் கேட்கிறாளே, இதற்கா ஐந்து வருஷப் படிப்பு என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். கார்த்திகைத் தீபத்துக்கு எடுத்தபோது தண்டு ஆடியது, திருகு மரை தேய்ந்திருந்தது. தீபம் முடிந்ததும் அதைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துப் பழுதுபார்க்க ஏரலுக்குக் கொண்டுபோனது நான். தாவூது பாய் பாத்திரக்கடையில் இறக்கி வைக்கும்போதுதான் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது, நீகூடப் புனேயிலிருந்து ஓடி வந்தாயே, அந்த ஆஸ்பத்திரி அலைச்சலில் விளக்கு என் மண்டையிலிருந்தே போய்விட்டது.

மறுநாள் கடை திறக்கிற நேரத்துக்கு ஏரலில் போய் நின்றேன். விளக்கு மேல் பலகையில் பளபளவென்று இருந்தது, ஒட்டியிருந்த அட்டையில் நாறும்பூநாதன் அண்ணாச்சி என்று என் பெயர். என்ன அண்ணாச்சி, அஞ்சாறு மாசமா ஆளையே காணும், ரெண்டு தடவ ஆள்ட்ட சொல்லிவிட்டேனே என்றார் பாய். அவர் சொல்லிவிட்டது செல்வமணி மாமாவிடம், அவரும் மறந்துவிட்டார், அவருக்கு நீ இன்ஸ்பெக்டராவதைத் தவிர வேறு எதுவும் நினைவில் தங்குவதில்லை.

விளக்கைக் கொண்டுவந்து கோவிலில் வைத்துக் கமிட்டியைக் கூட்டி, தப்பு என்னுடையது என்று நின்றேன். ஏச்சு விழும் என்று பார்த்தேன். விடும் அண்ணாச்சி, மனுசனுக்கு மறதி வாறதுதான், அம்மன் பொருள் திரும்பி வந்திட்டுல்லா என்றார்கள். ஒருவர், ஆனாலும் மணிராசு அன்னைக்கே சத்தியம் பண்ணியிருக்கலாம் என்று வருத்தப்பட்டார். நான் வேண்டுமானால் சூடம் அணைத்துச் சொல்லட்டுமா, மறந்துதான் போனேன், விற்கப் பார்க்கவில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்க எதுக்கு அண்ணாச்சி என்றார்கள். சாவி என்னிடம், பொருளைத் தூக்கிக்கொண்டு போனது நான், என்னை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மகளே, இந்த ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இத்தனை அவமானம் எப்போதும் வந்ததில்லை.

மதுரைக்கே போ. அரைமனதாகச் சொல்லவில்லை, முழுமனதாகச் சொல்கிறேன். வங்கியில் திருடுகிறவனைப் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள், தண்டனை முடிந்து வீட்டுக்கு வந்தவனை எங்களைப் போன்ற யோக்கியர்களிடமிருந்து காப்பாற்ற ஆள் வேண்டும். சம்பளம் குறைச்சல் என்று அம்மா முனகுகிறாள், வாழை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். மாமாவிடம் நீ ரகசியப் போலீஸ் என்று சொல்லிவிட்டேன், அவர் சந்தோஷமாக இருக்கிறார். நேரத்துக்குத் தூங்கு, ஹாஸ்டல் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, அம்மா அனுப்பிய பருப்புப்பொடியைச் சிநேகிதிகளுக்கே கொடுத்துத் தீர்க்காதே.

எல்லா நலமும் பெற்று, எடுத்த காரியம் கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். முப்பதாம் தேதிக்கு முன்னால் மதுரைக்குப் பதில் எழுதிவிடு, மறந்துவிடாதே. வேலையில் சேரும் முன்பு ஒரு நாள் ஊருக்கு வா. மணிராஜ் வீட்டுக்கு நான் மூன்று தடவை போய்விட்டேன். நாற்காலி எடுத்துப் போடுகிறான், அவன் பெண்டாட்டி காபி கொடுக்கிறாள், தப்புப் பண்ணிட்டேன்டா என்றால் சரி சித்தப்பா என்கிறான், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறான். அதற்கு மேல் என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ கூட வந்து உட்கார்ந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ச. நாறும்பூநாதன்