வராத வண்டிக்கு ஊதிய விசில்

அன்று தண்டவாளத்தில் இருந்தவர்கள் மேஸ்திரி ஏகாம்பரம், லால்பேட்டை கமால் பாய், கிள்ளை அந்தோணிசாமி, உங்கள் மச்சான் தயாளன், நீங்கள், நான். யாரையும் விடவில்லை அண்ணே. நேற்று முதுநகரில் ஒரு கடை வாசலில் காரைப் பின்னால் எடுக்க வாட்ச்மேன் விசில் ஊதினார். என் கால் என்னைக் கேட்காமலே ஓரமாகப் போய் நின்றுவிட்டது. "காரு அந்தப் பக்கந்தான் வருது அத்தை, நீங்க ஏன் சாக்கடையாண்ட போயி நிக்கறீங்க?" என்றாள் மருமகள். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். அதிகம் படிக்காத கை, மெதுவாகத்தான் ஓடும்.

வீட்டுக்காரர் இறந்து, வாரிசு வேலையாக உங்கள் கேங்குக்கு வந்தவள் நான். சிதம்பரத்துக்கும் கிள்ளைக்கும் நடுவே ரயில் பாதையைப் பார்த்துச் சரிசெய்யும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் ஒவ்வொரு உத்தியோகத்துக்கும் விளக்கம் சொல்வீர்கள்.

"கேங்மேன்னா யாரு? ரயிலு போற ஊருக்கெல்லாம் நடந்தே போறவன்."

"கடைசிப் பெட்டி கார்டு?" என்று அந்தோணிசாமி எடுத்துக்கொடுப்பார்.

"வண்டி எங்க போவுதுன்னு பாக்காம, எங்கேருந்து வந்துச்சின்னே பாத்துக்கினு போறவரு."

"அப்ப நம்ம மேஸ்திரி?"

"நாலு பேரு தூக்கினா, தூக்காமலே மூச்சு வாங்குறவரு."

ஏகாம்பரம்தான் முதலில் சிரிப்பார். புதிதாக வந்த ஆளுக்கும் நீங்கள் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் கேங்கில் சேர்ந்த கணக்கு. எனக்கு மட்டும் சொல்லவில்லை. கமால் பாய் கேட்டதற்கு, "தங்கச்சி இன்னும் சிரிக்கவே இல்ல பாய். சிரிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றீர்கள். தயாளன் காத்திருக்கவில்லை. "லுக்அவுட்டுன்னா சும்மா நின்னே சம்பளம் வாங்குறது. அதான் பொம்பளைக்குக் குடுத்திருக்காங்க" என்றான். அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

மற்றவர்கள் குனிந்து வேலை செய்யும்போது தள்ளி நின்று, வண்டி வந்தால் விசில் ஊதுவதுதான் லுக்அவுட். கழுத்தில் விசில், கையில் சிவப்புக் கொடி. அன்று நீங்கள் எல்லாரும் கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தை நெம்பிக்கொண்டிருந்தீர்கள். தயாளன் மட்டும் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று என் பக்கமாக வந்து வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து விசில் சத்தம். நான் ஊதவில்லை. என் விசில் என் நெஞ்சில் கிடந்தது. ஆனால் குனிந்திருக்கும் ஆளுக்கு எந்த விசில் என்று எப்படித் தெரியும்? கடப்பாரையைப் போட்டுவிட்டு எல்லாரும் குதித்தார்கள். நீங்கள் ஜல்லியில் சறுக்கிக் கணுக்காலை ஒடித்துக்கொண்டீர்கள். வண்டி வரவில்லை.

புதருக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து முதலில் கேட்டவனும் அவன்தான். "எதுக்கும்மா ஊதின? வண்டியயே காணோம்."

"நான் ஊதல" என்றேன்.

"பயத்துல ஊதியிருப்ப. உனக்கே தெரியாது, வுடு" என்றார் ஏகாம்பரம்.

உங்களைத் தூக்கத் தயாளன் குனிந்தபோது அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைக் கயிறு தொங்கியது. தேர்த் திருவிழாக் கடையில் விற்கிற விசில். என்னைத் துள்ள வைத்துப் பார்க்க வாங்கி வைத்திருந்தான். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். உங்கள் வலது கைதான் அந்தக் கயிற்றைப் பைக்குள் தள்ளியது. நான் அதையும் பார்த்தேன்.

பாதை இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். நான் ஊதவில்லை என்று மறுபடியும் சொன்னேன். கயிற்றைப் பற்றி நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். "இந்தம்மா கேங்குக்கு சரிப்படாது. எழுதி அனுப்பிடறேன்" என்று பேனாவைத் திறந்தார். காலில் மாவுக்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீங்கள் அப்போதுதான் வாய் திறந்தீர்கள்.

"சார், லுக்அவுட்டுன்னா, வராத வண்டிக்கு எத்தினி தடவ வேணா ஊதலாம். வர்ற வண்டிக்கு ஊதாமத்தான் இருக்கக் கூடாது. அப்பிடி ஊதாம வுட்டிருந்தா, கட்டுப் போட காலு எங்கேன்னு நீங்க தேடிக்கினு இருப்பீங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பேனா மூடிக்கொண்டது. வேலை தங்கியது. எனக்கான விளக்கமும் அன்றுதான் கிடைத்தது, நான் செய்யாத வேலைக்கு.

அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அதை மறக்கவில்லை. நீங்கள் கடைசிவரை அந்தக் காலை இழுத்து நடந்தீர்கள், அதையும் மறக்கவில்லை. ஆனால் ரிட்டையர் ஆகும் வரை எனக்கு, சும்மா ஊதினவள் என்று பெயர். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

போன மாதம் கடலூர் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். உங்கள் சம்சாரம் டீ வாங்கப் போகும்வரை காத்திருந்து பேசினீர்கள்.

"அன்னிக்கி நீ ஊதலன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்ண்ணே."

"அவ கூடப்பொறந்தவன். என்ன பண்றது? நீயும் போவக் கூடாது, அவனும் போவக் கூடாதுன்னு பாத்தேன். அவன மன்னிச்சிடு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களை எடுத்த அன்று பந்தலில் டீ கொடுத்தார்கள். தயாளன் இளவட்டங்களை உட்கார வைத்துக்கொண்டு என்னைக் கை காட்டினான். "எங்க மாமா கால ஒடச்சது இந்தம்மாதான். வண்டியே வரல, ஊதிடிச்சி." இழவு வீட்டிலும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

யோசித்துவிட்டேன் அண்ணே. உங்களை எப்போதோ மன்னித்தாகிவிட்டது. கால் ஒடிந்தது உங்களுக்கு. என் விசில் பெட்டியில் இருக்கிறது. நீங்கள் சொன்ன விளக்கம் வாயில் இருக்கிறது. வாசலைத் தாண்டும் பேரப்பிள்ளைகளிடம் வராத வண்டிக்கெல்லாம் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

எல்லாருக்கும் விளக்கம் சொன்ன நீங்கள் மச்சானுக்கு மட்டும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். தானே ஊதிவிட்டு, ஏன் ஊதினாய் என்று முதலில் கேட்கிறவன்.

அவனை மன்னிக்க மாட்டேன். தயாளனை.