துரையின் முதுகு

1902 ஆகஸ்ட் 4

துரை இன்று வண்டியில் ஏறவில்லை. எப்போதும் நான் சொல்லுமுன் பாய்ந்து ஏறுகிறவன், முதுகைக் கூனிக்கொண்டு சக்கரத்தடியில் நின்றான். தூக்கப் போனேன், வீல் என்று கத்தினான். கரும்புக்குள் காட்டுப்பன்றி பூந்து அழிக்குது, இவனுக்குச் சோம்பேறித்தனம்! சாட்டைக் கம்பால் இரண்டு வைத்தேன். வயிறு இறுகிக் கல்லாய் இருந்தது. கண்டதைத் தின்றிருப்பான்.

ராஜபாளையத்து ராஜு ஒருவர் வீட்டில் குட்டியாய் வாங்கி வந்த நாய். வெள்ளைவெளேர் என்றிருப்பதால் துரை என்று பேர் வைத்தேன். பாதிரியார் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். இந்த நோட்டும் அவர் கொடுத்ததுதான்: "கோபம் வந்தால் கை நீட்டாதே பொன்னுராஜ், எழுது." அடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6

பிளவக்கல் பக்கத்துக் கரும்பில் பன்றியை மடக்கினோம். நானும் காவல்கார மலைச்சாமியும் ஈட்டியோடு, துரை முன்னால். பன்றி திரும்பிச் சீறியது. துரை பாய்ந்து விலகினான். பன்றி அவனைத் தொடவே இல்லை, நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தரத்திலேயே ஒரு கத்தல் கத்தினான். விழுந்தவன் எழவில்லை. பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி. முன்னங்காலால் ஊர்ந்து என்னிடம் வந்தான். நகம் தரையில் தேய்ந்து ரத்தம்.

ஆத்திரத்தில் பன்றியைக் குத்தினேன். செத்த பிறகும் குத்தினேன். மலைச்சாமிதான் என் கையைப் பிடித்தான்.

ஆகஸ்ட் 7

மாடு இடுப்பு விழுந்தால் மலைச்சாமி சூடு போடுவான். எழுந்த மாடும் உண்டு. "நாயும் எந்திரிச்சிரும் அண்ணாச்சி, தலையை மட்டும் பிடிங்க" என்றான். பிடித்தேன். கம்பி பழுத்துச் சிவந்திருந்தது. முதுகில் வைத்ததும் மயிர் பொசுங்கின நாற்றம். துரை என் பிடியை உதறித் திரும்பி அவன் முழங்கையைக் கவ்விவிட்டான். எலும்பு தெரிகிறது.

சூடு போட்டால் யார்தான் கடிக்க மாட்டார்கள்?

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேச்சு. பின்னங்கால் இழுக்குது, வளர்த்தவன் கண்முன்னே ஆளைக் கடிக்குது. வெறிதான், அடிச்சுக் கொல்லணும் என்று. எங்கள் சுந்தரபாண்டியத்து ஊர்க்காரனுக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்!

ஆகஸ்ட் 8

விடியுமுன் துரையைக் கதவுப் பலகையில் கட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டினேன். மதார் சாகிப் பட்டாளத்தில் குதிரைக்கும் வேட்டை நாய்க்கும் வைத்தியம் பார்த்தவர்.

வெறியா என்று பார்க்க முதலில் தண்ணீர் வைத்தார். துரை குடித்தான். தாடை தொங்கவில்லை. பிறகு முதுகெலும்பைக் கணுக்கணுவாய் அழுத்தினார். ஒரு இடத்தில் துரை உறுமினான். பின்காலை மடக்கிப் புறங்கால் தரையில் படும்படி வைத்தார். அது அப்படியே கிடந்தது. கடைசியில் குறட்டால் விரலை நெரித்தார். துரை திரும்பிப் பார்த்து முனகினான்.

"வலி தெரியுது. அம்புட்டு போதும், பிழைக்க வழி இருக்கு" என்றார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு குருத்து உண்டாம். அது பிதுங்கி நரம்பை நெரிக்கிறதாம். "முதுகைக் கூனியிருப்பானே, தூக்கினா கத்தியிருப்பானே? அன்னைக்கே கட்டிப் போட்டிருந்தா கால் விழுந்திருக்காது."

அன்றைக்கு நான் சாட்டையால் அடித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஆறு வாரம் திரும்ப மட்டும் இடமுள்ள கூண்டு. நடை கூடாது. மூன்று வேளையும் அடிவயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்கணும், இல்லாவிட்டால் தேங்கியே செத்துப்போகும். புண் வராமல் புரட்டிப் போடணும். சூட்டுப் புண்ணைப் பார்த்து, "எந்த மடையன் வச்சான்?" என்றார். சொன்னேன். கடிபட்டதையும் சொன்னேன். "வெறிநாய் கடிச்ச பிறகு பத்து நாள் தாண்டாது. இது பதினேழாம் தேதி உசிரோட இருந்தா அவனுக்குப் பயமில்லை. கொன்னுட்டா ஒருத்தனுக்கும் தெரியாது." நாயைத் தொட்டதற்கு மார்க்கப்படி ஏழு தரம் கை கழுவிவிட்டு உள்ளே போனார்.

ஆகஸ்ட் 10

இடது கை முறிந்துவிட்டது. ஒற்றைக் கையால் எழுதுகிறேன், நோட்டு நழுவுது.

உலக்கையோடு நாலு பேர் வந்தார்கள், மலைச்சாமி முன்னால். அவன் கண்ணே சரியில்லை. "தண்ணியைக் கண்டா பயமாயிருக்கு அண்ணாச்சி, நான் குரைச்சுச் சாகணுமா? அதைக் கொன்னாத்தான் விஷம் இறங்கும்!" என்று கூண்டைப் பார்த்து உலக்கையை ஓங்கினான். குறுக்கே கையை நீட்டினேன். சடக். வலது கையால் அவன் வாயிலேயே குத்தினேன், பல் இரண்டு தெறித்தது. விழுந்தவனை மிதிச்சேன். மிதிச்சுக்கிட்டே இருந்தேன். கொன்னிருப்பேன், பொய் சொல்லல.

நிறுத்தினது என் பெஞ்சாதி ஞானபாக்கியம்தான். அரிவாளோடு கூண்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ஏலே மலைச்சாமி, பதினேழாம் தேதி வரைக்கும் பொறு. அது உசிரோட இருந்தா நீயும் இருப்ப. இன்னைக்கே அடிச்சுட்டா, சாவோமா பிழைப்போமான்னு தெனமும் தவிச்சுக்கிட்டுக் கெட." அவன் ரத்தம் துப்பிக்கொண்டே எழுந்தான். உலக்கையைப் போட்டுவிட்டுப் போனான், மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஆகஸ்ட் 11

ஒற்றைக் கையால் அமுக்க முடியவில்லை. ஞானபாக்கியத்துக்குத் தலையைப் பிடிக்கவே பலம் சரியாய்ப் போகுது. துரை வயிறு குடம் மாதிரி இருக்கு. கர்த்தரே, என்ன செய்ய?

ஆகஸ்ட் 12

மலைச்சாமி வந்தான். நாய் தண்ணி குடிக்குதா என்று பார்க்க. விஷயத்தைச் சொன்னேன். "இதனால செத்தாலும் வெறியாலதான் செத்ததுன்னு என் மனசு சொல்லும்" என்றான். துரை வாயைத் துண்டால் கட்டினோம், ஞானபாக்கியம் தலையைப் பிடித்தாள். அவன் அமுக்கினான். மூத்திரம் அவன் வேட்டியெல்லாம் பீச்சியது. நாங்கள் மூவரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 14

மலைச்சாமி மூன்று வேளையும் வருதான். என்னோடு பேசுறதில்லை. நானும் பேசுறதில்லை.

ஆகஸ்ட் 17

துரை கஞ்சி குடித்தான். மலைச்சாமி கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கு இன்னும் அவனை அடிக்கணும் போலத்தான் இருக்கு.

ஆகஸ்ட் 18

இனி வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான்.

செப்டம்பர் 5

வால் அசைந்தது. தானாகவே மூத்திரம் போகிறான். சாட்டைக் கம்பை இரண்டாய் ஒடித்து அடுப்பில் வைத்தேன். ஞானபாக்கியம் அதன்மேல் உலையை ஏற்றினாள்.

செப்டம்பர் 20

பக்கத்து வீட்டுப் பசுவுக்குச் சூடு போட மலைச்சாமி கம்பியோடு எங்கள் முற்றம் வழியாகப் போனான். கூண்டைச் சுத்தம் செய்யத் திறந்து வைத்திருந்தேன். கம்பியைப் பார்த்தான் துரை. எழுந்தான். நாலு காலில்! மயிர் சிலிர்க்க உறுமிக்கொண்டே மூன்று எட்டு வைத்து, அவன் காலடியில் சரிந்து விழுந்தான்.

மலைச்சாமி அசையவே இல்லை. அப்படியே குனிந்து, பழைய தழும்பு இருக்கிற முழங்கையைத் துரை வாய்க்கு நேரே நீட்டினான். "கடிச்சுக்கோ துரை." துரை மோந்து பார்த்தான். கடிக்கவில்லை, நக்கவும் இல்லை. தலையைத் தரையில் வைத்துக்கொண்டான்.

இருவரும் சேர்ந்து தூக்கிக் கூண்டில் விட்டோம், முதுகு வளையாமல். பசுவுக்குச் சூடு போடவில்லை. கம்பியை எங்கள் கிணற்றிலேயே எறிந்துவிட்டுப் போய்விட்டான், மடையன். குடிக்கிற தண்ணி. நாளைக்கு ஆள் இறக்கி எடுக்கணும்.