வளையத்துக்கு முன்னால் நின்ற கல்யாணம்

என் செல்ல மகள் ஆசியத்துக்கு அம்மாவின் ஸலாம். இங்கே நானும் உன் அண்ணனும் புது மருமகளும் இறைவன் கருணையால் சுகம், ஜெர்மனியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் என் சுகம் முழுசாகும்.

கல்யாணத்துக்கு நீ வராததில் உன் அண்ணன் அஸ்ரெத்துக்குக் கோபம்தான், ஆனால் மாப்பிள்ளையே கல்யாண வீட்டில் தலைகாட்டாமல் சிநேகிதன் வீட்டில் ஒளிந்திருக்கும் வழக்கம் நம்முடையது, நீ என்ன அவளைக் குறை சொல்வது என்று அவன் வாயை அடைத்துவிட்டேன். எங்கோ தூரத்து விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும், நீ ஆராயும் சின்ன ஒளிப்பொட்டு திடீரென்று பிரகாசமாகிறது, வானத்து ரேடியோ அலைகளைப் பிடிக்கும் நம் ஊர்த் தொலைநோக்கி வளையத்துக்கு மேலே நண்பகலில் கொஞ்ச நேரம்தான் கடக்கும், அன்றைக்குத் தவறினால் இத்தனை மாத உழைப்பும் வீண் என்று போனில் அழுதாயே, அது என் காதைவிட்டுப் போகவில்லை. பெண்ணை அழைத்துவரும் கார்களோ அதே நேரத்தில் வளையத்தை ஒட்டித்தான் வர வேண்டும். பழைய எஞ்சின்களின் தீப்பொறி கிளப்பும் ரேடியோ இரைச்சல் ஒன்றே போதும், பொட்டின் சன்னமான குரல் அமுங்கிவிடும் என்று வளையத்தில் வேலை பார்க்கும் பாவெல் தலையில் கைவைத்தான்.

கம்பளிச் சந்தையில் இத்தனை வருஷம் பேரம் பேசியவள் நான், சும்மா இருப்பேனா. பெண் வரும் வழியை மறித்துப் பரிசு கேட்கும் நம் தெருப் பையன்களுக்குத் தலைவன் பக்கத்துக் கடை பிலியால்தான். வளையத்துக்கு முன்னே வரும் பாலத்துக்கு அந்தப் பக்கமே கயிறு கட்டு, எஞ்சினை அணைத்தால்தான் பேச்சு என்று சொல், எதைக் கொடுத்தாலும் போதாது என்று நில் என்றேன். பெண்ணை அழைத்துவந்த உன் உமர் மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டைக் கொடுத்தால் "மாமா, இது ஆடா பூனையா?" என்கிறான் பிலியால். "ஏன்டா, உன் கல்யாணத்துக்கு உங்கப்பன் இவ்வளவு கொடுத்தானா?" என்று மாமா கத்துகிறார். கடைசியில் அவர் தன் ஆட்டுத்தோல் தொப்பியையே கழற்றி நீட்ட, பிலியால் மனசு இளகிக் கயிற்றை அவிழ்க்கப் போனான். அப்போது, வாய் திறக்கவே கூடாத மணப்பெண் முக்காட்டுக்குள்ளிருந்து, "ஒரு தொப்பிதானா எனக்கு?" என்றாளாம். அவ்வளவுதான், மாமாவுக்கு ரோஷம் வந்து பேரம் முதலிலிருந்து தொடங்கியது. அதற்குள் உன் பொட்டு நல்லபடியாகக் கடந்துவிட்டது, பதிவு சுத்தம் என்று பாவெல் சொல்லிப் போனான்.

அப்படி ஏனம்மா பேசினாய் என்று மருமகளைக் கேட்டேன். "உங்க மகன்தான் சொல்லி அனுப்பினாரு அத்தை, தங்கச்சி வேலை முடியறவரைக்கும் வண்டியை நகர விடாதேன்னு" என்கிறாள்.

அவனாக உன்னைக் கூப்பிட மாட்டான், நீயே பேசு. அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள். உன் கண்ணும் கையும் உன் பொட்டும் என்றும் ஒளியோடு இருக்கட்டும்.

உன் அம்மா,
ஸகினத்